அல்லாவுக்கு விட்ட பலாமரம்

என்னைப் பெற்ற அத்தாவின் அண்ணனான பெரியத்தா, மலைமேல் வளப்பூர் நாட்டில் இருந்த தன் மிளகுக் காட்டை, அதன் நடுவே நின்ற பலாமரத்தோடு, எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கு வக்ஃபாக எழுதிவைத்தபோது குடும்பமே கூடி உட்கார்ந்து காரணம் தேடியது. வக்ஃப் என்றால் கொடுத்தது கொடுத்ததுதான். விற்க முடியாது, திரும்பக் கேட்க முடியாது, வருவதெல்லாம் மதரசாப் பிள்ளைகளுக்கு. மிளகு போனால் போகட்டும், அந்த மரத்தை எப்படிக் கொடுத்தார் என்பதுதான் யாருக்கும் விளங்கவில்லை. அதன் பழத்தை எங்கள் வீட்டுக்கு அனுப்பினால், பின்னாலேயே வந்து பாதியைத் தானே தின்றுவிட்டுப் போகிற மனிதர் அவர்.

பெரியத்தா கடையின் எதிர்க்கடைக்காரர் பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்து மூன்று இறக்கையிலும் தன் பெயரை எழுதிவைத்திருந்தார். அவரை மிஞ்சத்தான் இந்த வேலை என்றார் சின்னத்தா. நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்த பயம் என்பது அம்மாவின் கட்சி. நாளைக்கு அண்ணன் தம்பிகள் இடத்துக்காக அடித்துக்கொள்ளக் கூடாதே என்றார் அத்தா, சின்னத்தாவைப் பார்த்துக்கொண்டே. பெரியம்மா மொச்சை உரிப்பதிலேயே இருந்தார்.

பலா பழுக்கிற காலத்தில் பெரியத்தா மலைக்குப் போனார். காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த விவசாயிக்கு விஷயத்தை நேரில் சொல்ல வேண்டுமாம். ஒன்பது வயதான நானும் தொற்றிக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் எனக்குக் குமட்டியபோதெல்லாம் எலுமிச்சம்பழத்தை என் மூக்கருகே பிடித்தபடி வந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு மாதமாகப் பேசியும் பிடிபடாதது அந்த விவசாயிக்கு ஒரே நிமிஷத்தில் பிடிபட்டது.

"சாமிக்கு உட்ட மரமுங்களா? அப்ப இனி யாரும் அதுல கை வெக்க மாட்டோமுங்க" என்றார்.

பெரியத்தா திருப்தியாகத் தலையாட்டினார். ஆனால் அந்தத் தலை அடிக்கடி மரத்தின் பக்கமே திரும்பியது. பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அவர் மதியத் தொழுகைக்கு நின்ற நேரத்தில் நான் மரத்தடிக்குப் போனேன். நன்றாகப் பழுத்த பழம் ஒன்று விழுந்து பிளந்து கிடந்தது. பறித்தால்தானே தப்பு? வாழை இலையில் பத்துச் சுளைகளை எடுத்துவந்து, தொழுது முடித்தவர் முன்னால் நீட்டினேன். விவசாயி வீட்டில் கொடுத்தது என்று நினைத்திருப்பார். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். ஆறாவது சுளையில்தான் நாக்குக்குச் சந்தேகம் வந்தது. ஏது என்று கேட்டார். நம் மரத்துடையதுதான் என்றேன். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் விழித்த விழி இருக்கிறதே, இன்று நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுதுவிட்டேன்.

கீழே விழுந்ததுதானே என்று விவசாயியின் மனைவி சமாதானம் சொல்லிப் பார்த்தார். பெரியத்தா கேட்கவில்லை. மரம் யாருடையதோ பழமும் அவருடையதுதான் என்று மிச்சப் பழத்தைச் சாக்கில் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் நேர்ச்சையாக வந்த தேங்காய், சேவல் எல்லாம் பள்ளிவாசலில் ஏலம் போகும்.

பஸ் முழுக்க வாசனை. வாசலூர்பட்டியில் படகுச் சவாரி முடித்துவந்த கூட்டம் ஒன்று ஏறியது. அதில் ஓர் அம்மாள் வாய்விட்டே ஒரு சுளை கேட்டார்.

"இது என்னுதில்லீங்க" என்றார் பெரியத்தா.

மடியில் சாக்கு, விரலெல்லாம் பலாப்பால். ஒருவரும் நம்பவில்லை. சரியான கஞ்சன் என்று பின் சீட்டில் யாரோ சொன்னது எனக்கே கேட்டது.

ஏலத்தில் எதிர்க்கடைக்காரர் வேண்டுமென்றே விலையை ஏற்றிவிட்டார். பெரியத்தாவும் விடவில்லை. ஆட்டுக்குட்டி வாங்குகிற விலைக்கு, தான் கொடுத்த மரத்தின் பழத்தைத் தானே வாங்கினார். அங்கேயே மதரசாப் பிள்ளைகளுக்குப் பங்குவைத்துவிட்டு எனக்கும் தனக்கும் ஒவ்வொரு சுளை எடுத்துக்கொண்டார்.

இவ்வளவு ஆசை இருக்கிறவர் யாருக்காக மரத்தைக் கொடுத்தார் என்று போகிற வழியில் கேட்டேன்.

"எனக்குத்தான் கண்ணு" என்றார், சுளையை மென்றபடி. "நான் போன பொறவு எனக்குன்னு ஏதாச்சும் வந்து சேரோணுமில்ல."

எனக்குச் சப்பென்றாகிவிட்டது. ஏழைப் பிள்ளைகளுக்காக என்று சொல்வார் என நினைத்திருந்தேன். மனிதர் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும் நன்மை வந்துகொண்டிருக்க மூன்று வழி உண்டு என்று மதரசாவில் ஒப்பித்தவள்தான் நான். நிலைத்து நிற்கும் தர்மம், பிறருக்குப் பயன்படும் கல்வி, பெற்றவருக்காக அல்லாவிடம் துஆக் கேட்கும் பிள்ளை. ஒப்பித்ததோடு சரி. அவர் வீட்டுக்குள் முதல் ஆளாக ஓடி, பெரியத்தா தனக்காகத்தான் எல்லாம் கொடுத்தாராம், சுயநலக்காரர் என்று பெரியம்மாவிடம் கோள் சொன்னேன்.

பெரியம்மா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். தேங்காய் எண்ணெய் தொட்டு என் விரல் பிசுக்கை ஒவ்வொன்றாக நீவி எடுத்தார். ஒன்பது விரலுக்குமேல் எனக்குப் பொறுமை இல்லை, விளையாட ஓடிவிட்டேன். அந்தப் பெரிய வீட்டு வாசலில் கிடக்கிற சின்னச் செருப்பு எப்போதும் என்னுடையது மட்டும்தான் என்பது, அதை மாட்டிக்கொண்டு ஓடியபோதுகூட என் கண்ணில் படவில்லை.