வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ஐம்பதுகளின் கடைசியில், பெங்களூர் கண்டோன்மென்ட் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தமிழை எடுத்தவர்கள் மொத்தம் ஏழு பேர். அதில் பெண்கள் இரண்டே பேர், நானும் அவளும். நான் பிரேசர் டவுனிலிருந்து நடந்து வருவேன். அவள் ரயில் பாதைக்கு அப்பால் ஒரு வரிசை வீட்டில், அக்கா வீட்டில் இருந்தாள். தாய் தகப்பன் இல்லை. அக்காளின் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க்.

எங்கள் விரிவுரையாளர் வாரம் ஒரு கட்டுரை எழுதச் சொல்வார். திருத்த அவருக்கு நேரமில்லை. எழுதியதை ஒருவருக்கொருவர் மாற்றித் திருத்திக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை நோட்டை மாற்றிக்கொண்டு திங்கட்கிழமை திருப்பித் தருவோம். என்னிடம் ஒரு முனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சில் இருந்தது. அதைப் பிடித்தாலே எனக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும்.

அந்நாளில் என் கட்டுரைகள் அலங்காரத்தில் மூழ்கிக் கிடந்தன. சூரியன் உதித்தான் என்று எழுதக் கை வராது. பொன்னுருக்கி ஊற்றினாற்போல் என்று தொடங்குவேன். அவள் அந்த வரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘இதை எங்கே பார்த்தாய்?’ என்று மட்டும் எழுதித் தருவாள். ஒரு நோட்டில் பதினோரு இடத்தில் அப்படி எழுதியிருந்தாள். கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த கட்டுரையில் நான் பார்த்ததை மட்டும் எழுதினேன், பாதிப் பக்கம்தான் வந்தது. விரிவுரையாளர் முதல் முறையாக ‘நன்று’ போட்டது அதற்குத்தான்.

பாடப்புத்தகத்தில் ஒரு சிறுகதை இருந்தது. தண்ணீர் எடுக்கப் போன மருமகள் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு எங்கோ போய்விடுகிறாள், அவ்வளவுதான் கதை. குடத்தை ஏன் விட்டாள் என்பது கேள்வி. களைப்பில் மறந்துவிட்டாள் என்று எழுதினேன். அவள் என் நோட்டை மூடிவிட்டு, “கயிறு எத்தனை தடவை வருதுன்னு எண்ணினியா?” என்றாள்.

“இல்லையே.”

“மூணு தடவை. கதைக்குக் கயிறு வேண்டவே வேணாம். வேண்டாததை ஒருத்தர் மூணு தடவை சொன்னா, அதைச் சொல்லத்தான் வந்திருக்காங்க.”

கதையைத் திரும்பப் படித்தேன். வாசலில் கயிறு, கொடியில் கயிறு, கிணற்றில் கயிறு. மருமகள் போனது தூக்குப் போட்டுக்கொள்ள என்று அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து எதைப் படித்தாலும் எண்ணிக்கொண்டே படித்தேன். அவள் எழுதியதை மட்டும் அப்படிப் படிக்கவில்லை. அது திருத்துவதற்கு வந்த நோட்டு.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனவள் திங்கட்கிழமை வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை. மழை தூறிக்கொண்டேயிருந்தது, வகுப்பறைச் சுவரெல்லாம் ஈரம் பூத்திருந்தது. சனிக்கிழமை காலை வீட்டில் அவள் நோட்டை எடுத்து முதலிலிருந்து புரட்டினேன்.

‘மழைக்காலம்’ என்ற கட்டுரையில், மரம் ஊறிப்போய்த் தன் அறைத் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை என்று ஒரு வரி. நான் சிவப்பில் அடித்து, ‘தலைப்புக்குப் புறம்பானது’ என்று எழுதியிருந்தேன். ‘விடுமுறை நாள்’ என்பதில், காலையில் எழுந்து பார்த்தால் தாழ்ப்பாளின் திருகாணிகளில் இரண்டைக் காணவில்லை என்று ஒரு வரி. அதையும் அடித்திருந்தேன். கடைசியாக ‘கைத்தொழில்’. ஆசாரி வந்து தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கமாகப் பொருத்திவிட்டுப் போனார், இப்போது அக்கா பூட்டுப் போட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே பாய் விரித்துப் படுக்கிறாள் என்று இரண்டு வரி. அதை நான் இன்னும் அடிக்கவில்லை. பென்சில் அதன்மேல் நின்றபடியே நின்றது.

மூன்று தடவை. அவளை அக்கா அடைத்து வைத்திருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகமறப் புரிந்துவிட்டது.

மத்தியானம் நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அக்கா கதவைப் பாதிதான் திறந்தாள். மெலிந்த உருவம், கண்ணுக்குக் கீழே கறுப்பு. இடுப்பில் ஒரு சாவி.

“அவளுக்கு ஒடம்பு சரியில்ல. அப்புறம் வாம்மா.”

“பாத்துட்டுப் போறேன் அக்கா, ஒரு நிமிஷம்.”

“வேணாம்னு சொல்றேன் இல்ல. போ. இங்க நிக்காத.”

அவள் தோளுக்குப் பின்னால், உள்ளறைக் கதவில் புதுத் தாழ்ப்பாளும் பித்தளைப் பூட்டும் தெரிந்தன. உள்ளே சத்தமேயில்லை. கதவு என் முகத்துக்கு நேராகச் சாத்தப்பட்டது.

தெருமுனையில் அவள் மாமா, அக்காளின் கணவர், எதிரே வந்தார். கல்லூரி விழாவில் ஒருமுறை பார்த்திருந்தேன். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, குடை. நான் நனைவதைப் பார்த்துக் குடையை என் பக்கம் சாய்த்தார்.

“என்னம்மா, கூடப் படிக்கிற பொண்ணுதானே? அழுதியா என்ன?”

அந்தக் குரலின் பரிவில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். “அக்கா அவளை வெச்சுப் பூட்டறாங்க சார். உங்களுக்குத் தெரியாதா?”

அவர் குடையை இன்னும் தாழ்த்திப் பிடித்தார். “உனக்கு எப்படித் தெரியும்?”

“அவளே எழுதியிருக்கா.”

“எதில?”

நோட்டை எடுத்துக் கொடுத்தேன். கொடுத்ததோடு விட்டேனா? வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல்வதுபோல், தெருவில் குடைக்கடியில் நின்று, மூன்று இடங்களையும் விரல் வைத்துக் காட்டி விளக்கினேன். முதலில் விழாத தாழ்ப்பாள், பிறகு காணாமல்போன திருகாணி, பிறகு வெளிப்பக்கம். சொல்லச் சொல்ல எனக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. அதை இன்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திருகாணி என்ற சொல்லின் அடியில் அவர் கட்டைவிரல் நகத்தால் மெல்ல ஒரு கோடு இழுத்தார்.

“இதை வேற யாருக்காவது காட்டினியா?”

“இல்ல சார்.”

“நல்லது. நல்லாப் படிக்கிற பொண்ணும்மா நீ. இது என்கிட்ட இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்.”

குடையை மடக்காமலேயே வேகமாக நடந்துபோனார். அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிட்டு நோட்டைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை கல்லூரி முடிந்து போனபோது வாசலில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்திருந்தது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா என்னைப் பார்த்துக் கையை விரித்தாள். “யாரூ இல்லம்மா. ஹோதரு.” எங்கே போனார்கள் என்று கேட்டேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். “அடுத்த வீட்டு விவகாரம், நமக்கு வேணாம்” என்றார். அவள் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டது. அதன் பிறகு வந்த கட்டுரைகளை நான் தனியாகத்தான் திருத்திக்கொண்டேன். ‘இதன் பொருள் யாதெனில்’ என்று தொடங்குவதை விட்டேன். ‘இப்படியும் இருக்கலாம்’ என்று எழுதினேன். எழுத்தில் உறுதி போதாது என்று விரிவுரையாளர் மதிப்பெண்ணைக் குறைத்தார்.

ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தேன். பந்தியில் எதிர் இலையில் அவள். அங்கேயே ஒரு பள்ளியில் வேலை பார்த்தாள். சாப்பிட்டு முடித்ததும் என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். வீட்டில் உட்கார்ந்ததும் அவளே தொடங்கினாள்.

“திருகாணியைக் கழட்டினது மாமா. அக்காவுக்குத் தெரிஞ்சதும் ஆசாரியைக் கூப்பிட்டு வெளியில மாத்திட்டா. அவர் பஸ் ஸ்டாப்பிலயும் வந்து நிக்க ஆரம்பிச்சார். அதான் என்னைக் காலேஜுக்கு அனுப்பல. இங்க இருக்கிற சித்திக்குக் கடிதம் போட்டுட்டுப் பதிலுக்குக் காத்துக்கிட்டிருந்தோம்.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“அக்கா வெளியில படுத்துக்கறான்னு எழுதினேனே. அதை நீ எப்படி எடுத்துக்கிட்ட?”

“காவல்னு.”

“காவல்தான்” என்றாள்.

நோட்டை அவர் அன்றைக்கே அடுப்பில் போட்டாராம். பிறகு அக்காளிடம் சாவியைக் கேட்டாராம். அவள் தரவில்லை. அவர் அடித்து ஓய்ந்து வெளியே போன நேரத்தில் பூட்டைத் திறந்து, பதிலுக்குக் காத்திராமல், கட்டிய புடவையோடு இருவரும் ரயிலேறிவிட்டார்கள். மாமா அதன் பிறகு தேடி வரவில்லை.

“நான்தான் காரணம்” என்றேன்.

“ஆமா” என்றாள். பிறகு, “உன்மேல ரொம்ப நாள் கோபமா இருந்தேன். இப்ப இல்ல” என்றாள்.

அப்போது அவள் அக்கா கடைக்குப் போய்விட்டுப் பையோடு உள்ளே வந்தாள். என்னை அடையாளம் தெரியவில்லை. நான் எழுந்து, “நல்லாயிருக்கீங்களா அக்கா?” என்றேன். அவள் தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் நீட்டினாள்.

“இடது காது அன்னிலேருந்து கேக்காது” என்றாள் தோழி. பிறகு உரக்கச் சொன்னாள். “காலேஜ்ல கூடப் படிச்சவ அக்கா.”

“அப்படியா, உக்காரும்மா” என்றாள் அக்கா. “காப்பி போடறேன்.”