ராகவேந்திரனும் ஃப்ளஷ் டேங்கும்

"அறுபத்தெட்டு வயது ஆண். மெலிந்த உடல்வாகு. மிதமாக உண்பவர்."

அடையாற்றில் ஒரு மருத்துவமனைக் கோப்பில் ராகவேந்திரனைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறது. அவரோடு ஒரு தரமாவது பந்தியில் உட்கார்ந்தவர்கள் இதைப் படித்தால், கோப்பு மாறிவிட்டது என்று கவுண்டரில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

எண்பதுகளில் அவர் மயிலாப்பூரில் ஒரு வங்கியில் குமாஸ்தா. ஆனால் வங்கிக்காரர் என்று அவரை நினைவு வைத்திருப்பவர் யாருமில்லை. தி. நகர் கல்யாண மண்டபங்களில் அவர் முதல் பந்தியில் உட்கார்ந்தால், சமையல்காரர் கரண்டியும் கையுமாக வெளியே வந்து தூணோரம் நின்று அவர் முகத்தையே பார்ப்பார். ராகவேந்திரன் சாதத்தில் கரை கட்டி நடுவே ரசத்தை நிறுத்துவார். கரை உடைவதற்குள் நெய் வந்தாக வேண்டும். பால் பாயசத்தை இலையிலேயே வாங்கி வழித்துச் சாப்பிட்டு, "இன்னும் கொஞ்சம் விடுங்கோ" என்றாரானால் அந்தச் சமையல்காரருக்கு அடுத்த முகூர்த்தம் நிச்சயம். அந்த மண்டபங்களில் பாதி இன்று துணிக்கடைகள். பாயசம் காகிதக் கோப்பையில் வருகிறது. ராகவேந்திரன் அதையும் விட்டுவைத்ததில்லை.

இவ்வளவு பகிரங்கமாகச் சாப்பிட்ட மனிதர், அதன் மறுமுனையைப் பற்றி வாயே திறந்ததில்லை. ஒரு பாயசம் நாக்கிலிருந்து தொண்டைவரை போகும் கதையை அரைமணி சொல்வார். தொண்டைக்குக் கீழே எல்லாம் ராணுவ ரகசியம். எந்த டாக்டராவது "மோஷன் எப்படி?" என்று ஆரம்பித்தால், கேள்வி முடிவதற்குள் "நார்மல்" என்று சொல்லிவிடுவார்.

போன வருஷம் அவர் இளைக்க ஆரம்பித்தார். மாட வீதியில் நடந்தால் ஒரே பாராட்டு. "என்ன மாமா, வாக்கிங்கா, டயட்டா? பத்து வயசு குறைஞ்சுட்டேளே!" அவரும் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார். இரண்டையும் அவர் செய்யவில்லை, சாப்பாடும் குறையவில்லை. பிறகு எப்படி இளைப்பது என்று ஒருவரும் கேட்கவில்லை, அவர் உட்பட.

அவருக்குச் சந்தேகம் வந்ததெல்லாம் ஃப்ளஷ் டேங்கின் மேல்தான். சைதாப்பேட்டையிலிருந்து பிளம்பர் செம்பியன் அவருடைய மந்தைவெளி வீட்டுக்கு வரவழைக்கப்பட்டார்.

"இன்னா சார், தண்ணி சும்மா அருவி மாறி கொட்டுது. டேங்க் நல்லாத்தான் கீது."

"போறலைப்பா. கீழ இறங்க மாட்டேங்கறது."

"இன்னா எறங்கல?"

ராகவேந்திரன் சுவரைப் பார்த்தார். "பொதுவா."

"பொதுவான்னா? மேட்டர் இன்னான்னு சொன்னாத்தானே சார் வேலை பாக்க முடியும்?"

"நீ டேங்கை மாத்திடுப்பா."

டேங்க் மாறியது. மேட்டர் மாறவில்லை. களிமண் நிறத்தில் மிதந்தது; தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் விரிந்தது; எத்தனை தரம் ஊற்றினாலும் பீங்கானில் பிசுக்கு நின்றது. நாற்றம் தனி. நெய் கொஞ்சம் அதிகம் போலிருக்கிறது என்று அவர் மனத்துக்குள் ஒரு தீர்ப்பு எழுதியிருந்தார். கல்யாணச் சாப்பாட்டுக்கு மறுநாள் என்றால் அந்தத் தீர்ப்பு செல்லும். கல்யாணமே நடக்காத ஆடி மாதம் முழுக்க நீடித்ததற்கு அது செல்லவில்லை.

செம்பியன் மறுபடி வந்து டேங்கைப் பிரித்துப் போட்டிருந்த ஒரு காலையில், ராகவேந்திரன் விருந்தாளி அறைக் கழிவறைக்குப் போனார். கோளாறும் கூடவே போனது. அவருக்குப் பிறகு அங்கே போன மனைவி நீரஜா, பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர், வெளியே வந்து நின்றார்.

"ஏன்னா, ரெண்டு டேங்கும் ஒரே நாள்ல கெட்டுப்போகுமா?"

"போகப்படாதுன்னு சட்டமா என்ன?"

"எனக்கு ரெண்டுலயும் சரியாத்தான் போறது. அப்போ கெட்டது டேங்க் இல்லை. சட்டையைப் போட்டுக்கோங்கோ."

"டாக்டர் சின்னப் பொண்ணுடி. அவகிட்ட போய் இதை எப்படிச் சொல்றது?"

"பிளம்பர்கிட்ட வெக்கம், ஆத்துல எங்கிட்ட வெக்கம். அவ என்ன உங்க ஜாதகமா பாக்கப்போறா? கிளம்புங்கோ."

டாக்டர் தமிழ்மொழி கேட்ட முதல் கேள்வியே அதுதான். "மோஷன் எப்படி சார் இருக்கு?"

"நார்..." என்று தொடங்கி நிறுத்தினார். நீரஜா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ராகவேந்திரன் சொல்லத் தொடங்கினார். நிறம், பதம், படலம், வாசனை, எப்போதிலிருந்து என்று எதையும் விடவில்லை. நாற்பது வருஷம் பந்தியில் தேறிய கண் அது. டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார்.

"கொழுப்பு செரிக்காம அப்படியே வெளிய வருது சார். ஒருநாள் வந்து போனா சாப்பாடா இருக்கும். உடம்பு இளைக்கிறதுக்குன்னு விக்கிற சில மாத்திரையும் இப்படிப் பண்ணும். ஆனா விடாம இருந்தா பார்த்தே ஆகணும். கணையம் சரியா சுரக்காம இருக்கலாம், பித்தம் வர்ற குழாய்ல அடைப்பு இருக்கலாம், குடல் உறிஞ்சாம இருக்கலாம், ஏதாவது கிருமியாவும் இருக்கலாம். எடை வேற குறைஞ்சிருக்கு, அப்பவே வந்திருக்கணும். கண்ணு மஞ்சளானாலோ, காய்ச்சலோ, தாங்க முடியாத வயித்து வலியோ வந்தாலோ அன்னிக்கே ஓடி வரணும்."

"கேன்சரா இருக்குமோ?"

"பாக்காம இல்லைன்னு சொன்னா நான் பொய் சொல்றவ. ஸ்கேன் எடுங்க."

ஸ்கேனில் கட்டி இல்லை. கணையம் சுருங்கி, உள்ளே கல் படிந்து, தன் வேலையைப் பெரும்பாலும் நிறுத்தியிருந்தது. அது சுரக்காததை ஒவ்வொரு சாப்பாட்டோடும் கேப்ஸ்யூலாக உள்ளே அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"ஒண்ணு சொல்லிடணும் சார். இது பன்றியோட கணையத்துலேருந்து எடுக்கறது."

ராகவேந்திரன் வெங்காயம் நறுக்கிய கத்தியைக்கூடத் தனியாக வைக்கும் குடும்பத்தில் பிறந்தவர்.

"சைவமா எதுவும்...?"

"அது உங்களுக்குப் போதாது சார்."

நீரஜா கணவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்லப்போறதில்லை. உடம்பு உங்களோடது."

வழியில் மருந்துக்கடையில் வாங்கிக்கொண்டு இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். நீரஜா சாதம் போட்டு, ரசம் விட்டார். ராகவேந்திரன் முதல் கவளத்தோடு கேப்ஸ்யூலை விழுங்கினார்.