மிஸ்பாவின் நிறை ஏறிய கதை

கல்முனைக்குடியில் கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் ஆதிலாவைத் தெரியாதவர்கள் குறைவு. பஸாரில் ஒரு பார்மசியில் ஆறு வருஷமாக மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண். காய்ச்சல் பாணி கேட்டு வருகிறவர்களிடம் பிள்ளைக்கு என்ன வயது, எவ்வளவு நிறை என்று கேட்காமல் போத்தலைக் கையில் கொடுக்கமாட்டாள். பால்மா டின் கேட்டு வருகிற புதுத் தகப்பன்மாரையும் சும்மா விடுவதில்லை. "தாய்க்குப் பால் இல்லையா? மிட்வைஃபிட்டக் கேட்டீங்களா?" என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் டின் அடுக்கிய தட்டைப் பார்த்துத் திரும்புவாள். முதலாளிக்கு அது பிடிக்காது. ஆனால் அவள் மருந்து மாறிக் கொடுத்துவிட்டாள் என்று ஒருநாளும் ஒருவரும் வந்து நின்றதில்லை. அதனால் பொறுத்துக்கொள்வார்.

கல்யாணமாகி ஐந்தாம் வருஷம், முப்பத்தியொரு வயதில், அவளுக்கு மகள் பிறந்தாள். சீசர் பண்ணித்தான் எடுத்தார்கள். இரண்டு கிலோ முந்நூற்றைம்பது கிராம். மிஸ்பா என்று பெயர் வைத்தார்கள்.

தகப்பன் றிப்தி கடற்கரையில் போட் எஞ்சின் திருத்துகிறவன். அதிகம் கதைக்காத ஆள். பிள்ளையைத் தூக்குமுன் கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவுவான். அப்படியும் விரலில் ஒயில் வாசம் போகவில்லை என்று மூக்கில் வைத்துப் பார்ப்பான்.

ஆதிலாவின் வீட்டுக்குப் பக்கத்து வளவில் அவளுடைய ராத்தா சுஹறாவின் வீடு. இரண்டு வளவுக்கும் நடுவில் மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. அவர்களுடைய உம்மா மௌத்தாகும்போது ஆதிலாவுக்குப் பன்னிரண்டு வயது. பதினொரு வயது மூத்த சுஹறாதான் தலை இழுத்துக் கட்டி, பள்ளிக்கூடம் அனுப்பி, மாப்பிள்ளை பார்த்துக் கட்டிக் கொடுத்தவள். சுஹறாவுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய புருஷன் மத்திய கிழக்கில் வேலை. ஆகவே ஆதிலா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளில் இருந்து இரண்டு வீட்டுக் குசினியையும் சுஹறாதான் பார்த்தாள். சரக்குக் கறி, சுறா வறை, வெள்ளைப்பூடு என்று தங்கச்சிக்கு முன்னால் நின்று தின்ன வைத்தாள்.

"நல்லாத் தின்னு புள்ள. நீ திண்டாத்தான் அவளுக்கு ஊறும்."

பதினைந்தாம் நாள் மிட்வைஃப் வீட்டுக்கு வந்தாள். சுஜித்தா என்று பெயர், காரைதீவுப் பெண். பிள்ளையைத் துணியில் கட்டித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தாள். இரண்டு கிலோ இருநூறு. பிறந்த நிறைக்கே இன்னும் வரவில்லை.

"அடிக்கடி பால் குடுங்க. நான் சொல்லித் தந்த மாதிரி அணைச்சுப் புடிங்க" என்றாள் சுஜித்தா. "அடுத்த கிழமையும் ஏறாட்டி ஒருக்கா ஆஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேணும்."

அவள் போனபிறகு ஆதிலா அழுதாள். எத்தனையோ தாய்மாருக்குப் புத்தி சொன்ன வாய் அது. "என்ட பால் பத்தல்லியெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லாதீங்க. நான் தாங்கமாட்டன்" என்றாள் புருஷனிடம். றிப்தி அவளுடைய முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

அடுத்த கிழமை நிறை ஏறியது. அதற்கடுத்த கிழமையும் ஏறியது. ஒரு மாதத்தில் இரண்டு எழுநூறு. கிளினிக் கொப்பியில் கோடு மேலே போகத் தொடங்கியது. சுஜித்தா ஒவ்வொரு தரமும் கேட்பாள்: "தாய்ப்பால் மட்டுந்தானே? தண்ணி, பால்மா ஒண்டும் இல்லையே?"

"ஒரு சொட்டும் இல்ல மிஸ்" என்பாள் ஆதிலா.

பக்கத்தில் பிள்ளையின் தொப்பியைப் பிடித்துக்கொண்டு சுஹறா இருப்பாள். "என்ட தங்கச்சிட பாலுக்கு அவ்வளவு சத்து" என்பாள்.

அந்த நாட்களுக்கு ஓர் ஒழுங்கு வந்துவிட்டது. காலையில் சுஹறா சின்னக் கதவால் வந்து பிள்ளையை எடுத்துப் போவாள். வெயில் காட்டி, எண்ணெய் பூசிக் குளிப்பாட்டி, நித்திரையாக்கிக் கொண்டுவருவாள். மத்தியானம் லுஹர் தொழுகைக்குப் பிறகும் ஒருக்கா எடுத்துப் போவாள். "வயித்துல வெட்டின காயம். நீ கொஞ்சம் படு." றிப்தி வேலையால் வந்தால் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ராத்தாவீட்டுப் பக்கம் உலாத்தப் போவான். மிஸ்பா வயிறு நிறைந்து, கையை விரித்துப் போட்டுத் தூங்குவாள். ஆதிலா அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இது நான் போட்ட சதை என்று நினைப்பாள். அந்த நினைப்பில் காயத்தின் நோவுகூடக் குறைந்தது.

சில விஷயம் கண்ணில் படாமல் இல்லை. பிள்ளையின் மலத்தின் மணம் மாறியிருந்தது. கேட்டதற்கு, "நீ தின்னுற மீன் அப்பிடி" என்றாள் சுஹறா. மார்பிலும் முன்னைப்போல் பால் கட்டுவதில்லை. அது ஆறாம் கிழமையில் இயல்பு என்று ஆதிலாவே தனக்குச் சொல்லிக்கொண்டாள். இரண்டொரு தரம் பிள்ளை மார்பில் வாய் வைத்து, இழுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதது. "வயிறு நிறைஞ்சிருக்கி, அதுதான்" என்றான் றிப்தி. அவன் சொன்னதில் பொய்யில்லை.

நாற்பது நாள் முடிந்து சொந்தக்காரர் வந்தபோது சுஹறா பிள்ளையின் தொடையைக் கிள்ளிக் காட்டினாள். "பாருங்க, மாப்பால் மணமே காட்டல்ல" என்றாள். ஆதிலா வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஸப்னாவும் இருந்தாள். மூன்று வீடு தள்ளி இருக்கிறவள், பத்தொன்பது வயது, மடியில் நாலு கிழமை மகன். எல்லோரும் போகும்வரை காத்திருந்து ஆதிலாவின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"ராத்தா, என்ட புள்ளைக்கு நிறை ஏறுதில்ல. மாமி பால்மா வாங்கி வெச்சிரிக்கா. குடுக்கவா?"

"குடுக்காத" என்றாள் ஆதிலா. "என்ட மகளுக்கும் அப்பிடித்தான் எறங்கின. பயப்படாம மாருலயே போடு. தானா ஊறும். எனக்கு ஊறல்லியா?"

ஸப்னா தலையாட்டிக்கொண்டு போனாள். பத்து நாளைக்குப் பிறகு அவளுடைய பிள்ளையை ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். உடம்பில் தண்ணீர் வற்றிப் போனதாம். மூன்றாம் நாள் சுகமாகிக் கொண்டுவந்தார்கள். கேள்விப்பட்டபோது ஆதிலா, "சரியா அணைச்சுப் புடிக்கத் தெரியாம இருந்திருப்பா" என்றாள். அந்தச் சொல் பிறகு அவளை நெடுநாள் விடவில்லை.

மிஸ்பாவுக்கு எழுபத்தொரு நாளாக இருக்கும்போது பொத்துவிலில் புருஷனுடைய ஆட்களின் கல்யாணம் ஒன்றுக்குச் சுஹறா போனாள். மூன்று நாள் நிற்கவேண்டிய பயணம். போகுமுன் றிப்தியைக் கூப்பிட்டு மதிலடியில் நின்று ஏதோ சொன்னாள்.

முதல் நாளே பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. ஆதிலா மாற்றி மாற்றிப் பால் கொடுத்தாள். கொஞ்ச நேரம் குடிக்கும், பிறகு உதைத்துக்கொண்டு அழும். றிப்தி வேலைக்குப் போகவில்லை. "குடு, நான் உலாத்திட்டு வாறன்" என்று தூக்கிக்கொண்டு சின்னக் கதவால் போவான். திரும்பி வரும்போது பிள்ளை அமைதியாக இருக்கும். எதைச் செய்து அடக்கினான் என்று அவளுக்கு விளங்கவில்லை. தகப்பனின் கைச்சூடு என்று நினைத்தாள். அதிலும் ஒரு சந்தோஷம் இருந்தது.

இரண்டாம் நாள் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரமிருக்கும். பிள்ளையின் உடுப்பெல்லாம் சுஹறாவின் கொடியில் காய்ந்துகிடந்தது. எடுத்து வரலாம் என்று ஆதிலா சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். குசினிக் கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே ஒரு சின்னச் சத்தம், கெதியாக விழுங்குகிற சத்தம்.

றிப்தி பலகையில் சப்பணமிட்டு இருந்தான். மடியில் மிஸ்பா. வாயில் போத்தல். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் அவனுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தது. அடுப்புத் தட்டில் டின் ஒன்று திறந்திருந்தது. பக்கத்தில் அதே மாதிரி மூன்று முடிந்த டின்கள். ஒன்றில் சுஹறா கொத்தமல்லி போட்டு வைத்திருந்தாள். ஆதிலா அந்த டின்னை ஆறு வருஷமாகத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவள். மூடியின் நிறத்தைத் தூரத்தில் கண்டாலே சொல்லிவிடுவாள்.

றிப்தி நிமிர்ந்து பார்த்தான். போத்தலை எடுக்கவில்லை. எடுத்தால் பிள்ளை அழும்.

"எப்பலரிந்து?" என்றாள்.

"இரி, சொல்றன்."

"எப்பலரிந்து எண்டு கேட்டன்."

"மிட்வைஃப் வந்து போன மற்ற நாள்லரிந்து."

ஆதிலா மனதில் எண்ணிப் பார்த்தாள். பதினாறாம் நாள். ஏறின ஒவ்வொரு கிராமும் அதற்குப் பிறகு ஏறியதுதான்.

"எங்க வாங்கின?"

"அக்கரைப்பற்றுல." அவன் குரல் இறங்கியது. "இஞ்ச எல்லாப் பார்மசியிலயும் உன்னத் தெரியும்."

இதைக் கேட்டபிறகுதான் அவளுக்குச் சுட்டது. பயத்தில் ஒருநாள் செய்துவிட்டான் என்றால் விளங்கும். பஸ் ஏறி, இவ்வளவு தூரம் போய், பையில் ஒளித்துக் கொண்டுவந்து, பிறகு வீட்டுக்குள் வந்து கையை மூன்று தரம் கழுவிவிட்டுச் சிரித்திருக்கிறான்.

"நீதான் சொன்னாய், பால் பத்தல்லியெண்டு ஒருத்தரும் சொல்லாதீங்க எண்டு" என்றான் றிப்தி. "புள்ள நூலாப் போயிட்டு. எனக்குப் பயம். ராத்தா சொன்னா, கொஞ்ச நாளைக்குக் குடுப்பம், அவட மனசையும் ஒடைக்கத் தேவல்ல எண்டு. மறுகா நிப்பாட்ட ஏலாமப் போயிட்டு."

"நீங்க குடுத்ததாலதான் புள்ள மாருல குடிக்காம எனக்கு வத்தின. அது தெரியுமா உங்களுக்கு?"

அவனுக்குத் தெரியாது. அவன் போட் எஞ்சின் திருத்துகிறவன். ஆனால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே சொல்லியிருப்பாள்: எவ்வளவு கொடுப்பது, எப்படித் தன் பாலையும் விடாமல் வைத்திருப்பது, எப்போது நிறுத்துவது. அந்த வேலையைத்தானே அவள் ஊருக்குச் செய்துகொண்டிருந்தாள்.

ஆதிலா பிள்ளையைப் பறிக்கவில்லை. போத்தல் முடியும்வரை கதவடியில் நின்றாள். பிறகு டின்னையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்கு வந்தாள். அன்று பின்னேரம் பிள்ளைக்கு அவளே தண்ணீர் ஆறவைத்து, அளந்து, கரைத்துக் கொடுத்தாள். கரைக்கும்போது கண்ணீர் கையில் விழுந்தது. துடைத்துவிட்டு மறுபடி கை கழுவினாள்.

சுஹறா பொத்துவிலிலிருந்து வந்ததும் சின்னக் கதவால்தான் வந்தாள். கையில் கல்யாணவீட்டு இனிப்பு, தொதல். ஆதிலாவின் முகத்தைக் கண்டதும் விளங்கிவிட்டது.

"நான் உன்ன வளத்தவள்" என்றாள். "உனக்குக் கெடுதியா செய்வன்?"

"கெடுதியெண்டு நான் சொல்லல்ல. ஏன் ராத்தா என்னப் புகழ்ந்த? ஒளிச்சுக் குடுத்தீங்க, சரி. கிளினிக்ல நாலு பேருக்கு முன்னால என்ட பாலுக்குச் சத்து எண்டு சொல்லத் தேவல்லியே. உங்கட குசினியில டின்ன வெச்சிக்கிட்டு எனக்குச் சுறா வறை தீத்தினீங்களே."

சுஹறா தொதலை மேசையில் வைத்தாள். பிறகு, "நீ சந்தோஷமா இருந்தாய்" என்றாள். "அதப் பாக்க எனக்கு ஆசையா இருந்திச்சி."

ஆதிலா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த செவ்வாய் கிளினிக்கில் அவளே சுஜித்தாவிடம் எல்லாம் சொன்னாள். சுஜித்தா கொப்பியைப் புரட்டினாள். தாய்ப்பால் மட்டும், தாய்ப்பால் மட்டும் என்று வரிசையாக எழுதியிருந்தது, அவளே எழுதியது.

"உங்கட வாயால சொன்னதத்தான் எழுதினன்" என்றாள் சுஜித்தா.

"ஓம் மிஸ். என்ட வாயாலதான் சொன்னன்."

சுஜித்தா ஏசவில்லை. முதலில் மார்பு, பிறகு போத்தல், கிழமைக்குக் கிழமை கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று விளக்கினாள். முழுக்கத் திரும்பி வருமா என்று ஆதிலா கேட்டாள். "பாப்பம்" என்றாள்.

கிளினிக்கிலிருந்து வருகிற வழியில் அவள் ஸப்னாவின் வீட்டுக்குப் போனாள். ஸப்னா மகனுக்குப் போத்தலில் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை தேறியிருந்தது. ஆதிலா உட்காராமலே நடந்ததைச் சொன்னாள்.

ஸப்னா கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்ப உங்களுக்கு ஊறல்லியா?"

"ஊறின. பத்துற அளவுக்கு இல்ல. எனக்குத் தெரியாது ஸப்னா. தெரிஞ்சா அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டன்."

"மாமிட கையிலரிந்து நான் போத்தலப் பறிச்சன்" என்றாள் ஸப்னா. "ஆதிலா ராத்தா பார்மசியில இருக்கிறவ, அவக்குத் தெரியும் எண்டு சொல்லித்தான் பறிச்சன். இப்ப இந்த வீட்டுல நான் என்ன சொன்னாலும் மாமி அதத்தான் சொல்லிக்காட்டுறா."

ஆதிலா மன்னிப்புக் கேட்டாள். ஸப்னா, "சரி, போங்க ராத்தா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீதியில் கண்டால் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறமாதிரிக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள்.

பால் முழுக்கத் திரும்பவில்லை. காலையிலும் நித்திரைக்கு முன்னும் மிஸ்பா மார்பில் குடிப்பாள், மற்ற நேரம் போத்தல். இப்போது ஆறு மாதம். ஆதிலா மறுபடி பார்மசிக்குப் போகிறாள். பால்மா கேட்டு வருகிறவர்களிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துவிட்டாள். ஒன்று மட்டும் கேட்பாள்: "புள்ளட உம்மாக்குத் தெரியுமா?"

றிப்தி இப்போது எல்லாவற்றையும் சொல்கிறான். பிள்ளை எத்தனை மணிக்குக் குடித்தது, எவ்வளவு மிச்சம் வைத்தது, எத்தனை தரம் மலம் போனது என்று கேட்காமலே சொல்கிறான். அவள் கேட்டுக்கொள்வாள். பிறகு போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அவன் அதைக் கண்டும் காணாததுபோல் எஞ்சின் சாமானைத் துடைத்துக்கொண்டிருப்பான்.

மதிலில் இருந்த சின்னக் கதவுக்கு இந்தப் பக்கத்தால் ஒரு கொண்டி போட்டிருக்கிறது. சுஹறா வருவதை ஆதிலா தடுக்கவில்லை. ராத்தா வாசல் பக்கத்தால் வந்து ஸலாம் சொல்லி, கதவு திறக்கும்வரை நிற்பாள். போன வெள்ளிக்கிழமை மிஸ்பாவுக்கென்று அரிசியும் பயறும் குழைய வேகவைத்து ஒரு கிண்ணத்தில் மூடிக்கொண்டு வந்தாள்.

"இதுல என்ன போட்டிரிக்கி ராத்தா?"

"அரிசி. பயறு. ரெண்டு துண்டு கரட். தேங்காய்ப்பால் கொஞ்சம்." சுஹறா கொஞ்சம் யோசித்தாள். "உப்பு போடல்ல."

ஆதிலா கரண்டியால் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு தரமும் பார்த்தாள். பிறகு பிள்ளையை மடியில் இருத்தி ஊட்டத் தொடங்கினாள். சுஹறா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஆதிலா கதிரையைக் காட்டி, "இரிங்க" என்றாள்.