சிலிண்டர் நின்ற இடம்

பிள்ளைப்பாக்கத்தில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்த அறையின் நடுவில் நின்று கைகளை விரித்தால் ஒரு கை பீரோவில் இடிக்கும், இன்னொன்று அடுப்புத் திட்டில் இடிக்கும். அந்த அறையில்தான் கராத்தே பழகினோம். கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

முறையான வகுப்பு ஞாயிறு காலையில், விற்காமல் கிடந்த ஒரு மனையில் நடந்தது. நெல் வயலாக இருந்து, பிளாட் போட்டு, வெள்ளைக் கல் நட்ட இடம். மாஸ்டர் உள்ளூர்க்காரர். கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார், எங்கள் வயதுதான் இருக்கும். அவர் சொல்லித்தந்ததில் எனக்குப் பிடித்தது கட்டா. எதிரில் ஆளே இருக்காது. இருப்பதாக வைத்துக்கொண்டு தடுக்க வேண்டும், குத்த வேண்டும், திரும்பி உதைக்க வேண்டும். ஒன்று முடியுமுன் அடுத்தது தானாகக் கிளம்பி வர வேண்டும். முடிக்கும்போது தொடங்கிய இடத்திலேயே வந்து நிற்க வேண்டும். மனையின் மூலைக்கல்லைத்தான் நாங்கள் அடையாளமாக வைத்திருந்தோம்.

மற்ற இருவரும் பொழுதுபோகாமல் வந்து சேர்ந்தவர்கள். ஒருத்தி சங்கரன்கோயில்காரி, இன்னொருத்தி திருச்சுழிக்காரி. எனக்குப் பொழுதுபோக்கெல்லாம் இல்லை. செல்போன் கம்பெனியில் மூவருக்குமே கான்ட்ராக்ட் பங்குனியோடு முடிகிறது. முடிந்ததும் சாத்தூருக்கு வந்துவிடு, மாப்பிள்ளை பார்த்தாயிற்று என்று அண்ணன் போனில் சொல்லிவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மணிமங்கலம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கராத்தே எடுக்க ஆள் தேடினார்கள். பிரவுன் பெல்ட் இருந்தால் வா என்றார்கள். பெல்ட் கிடைத்தால் இங்கே இருப்பேன், கிடைக்காவிட்டால் ஊருக்குப் பஸ் ஏறுவேன். வேறு வழி எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

பிரவுன் பெல்ட் டெஸ்டுக்கு முந்தைய மாதம் மாஸ்டருக்கு ஞாயிறுகளிலும் ஓ.டி. விழுந்தது. வகுப்பு நடக்கவில்லை. அறையே கதி என்றானது. முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியதும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கு ஒரு முறை கட்டா போடுவோம். ஒருத்தி போடும்போது மற்ற இருவரும் சுவரோரம் காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். லைனில் வேலை பழகியவர்களுக்கு இது பெரிய கஷ்டம் இல்லை. அங்கேயும் யோசித்தால் கை தடுமாறும். யோசிக்காமல் விட்டால் அது தன் பாட்டுக்கு எடுத்து, பொருத்தி, திருகி, அடுத்த ஆளிடம் தள்ளிவிடும். அதே மாதிரி காலையும் பழக்கினோம்.

ஒரே இடைஞ்சல் சிலிண்டர். சங்கரன்கோயில்காரியின் சித்தி தாம்பரத்திலிருந்து கொடுத்தனுப்பியது. திட்டுக்குக் கீழே இடம் பற்றாமல் அறைக்குள் துருத்திக்கொண்டு நின்றது. கட்டாவில் பின்பக்கம் திரும்பி முன்னேறும் இடத்தில் நேராகக் கால் வைத்தால் சுண்டுவிரல் காலி. முதல் வாரம் மூவருமே இடித்துக்கொண்டு கத்தினோம். அப்புறம் யாரும் இடிக்கவில்லை. ஏன் இடிக்கவில்லை என்று யோசிக்கவும் இல்லை.

டெஸ்ட் அதே மனையில்தான். சென்னையிலிருந்து வந்த தேர்வாளர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முதலில் திருச்சுழிக்காரி போனாள். உதை எல்லாம் சுத்தமாக விழுந்தது. பின்பக்கம் திரும்பியவள், வெட்டவெளியில், ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒதுங்கி வளைந்து போனாள். கல்லுக்கு ஒரு முழம் தள்ளிப்போய் முடித்தாள். அடுத்து சங்கரன்கோயில்காரி. அதே இடம், அதே வளைவு. தேர்வாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"என்ன மாஸ்டர், இது எந்த ஸ்டைல்?"

"நான் இப்டி சொல்லித் தரல சார்." மாஸ்டர் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் பக்கம் திரும்பினார். "இன்னாமா இது? அங்க இன்னா கீதுன்னு ரெண்டு பேரும் சுத்திகினு போறீங்க?"

சங்கரன்கோயில்காரி அந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"சிலிண்டர், மாஸ்டர்."

"இன்னாது?"

"எங்க ரூமுல அங்கனதான் சிலிண்டர் இருக்கு" என்றவள் வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மாஸ்டர் சிரித்தார், தேர்வாளரும் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு இரும்பு உருளை என் தலையெழுத்தை எழுதுவதா? அடுத்தது என் முறை.

திரும்பும் இடம் வரை உடம்பை அதன் போக்கில் விட்டேன். அங்கே வந்ததும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: சிலிண்டர் ரூமில் இருக்கிறது, காலையில் டீ போட்டு நான்தான் மூடிவிட்டு வந்தேன். நேராகக் காலை வைத்தேன். சுண்டுவிரல் வலிக்குக் காத்திருந்தது, மண்தான் பட்டது. கல்லருகில் வந்து முடித்தேன்.

எனக்கு பெல்ட் கிடைத்தது. அவர்கள் இருவருக்கும் கிடைக்கவில்லை.

"ஏட்டி, எங்களப் பாத்துதான முழிச்சிக்கிட்ட?" என்றாள் சங்கரன்கோயில்காரி, வரும் வழியில். "அந்த பெல்ட்டுல பாதி எங்களுக்கு."

உண்மைதான். என்னை முதலில் கூப்பிட்டிருந்தால் நானும் வளைந்துதான் போயிருப்பேன்.

பங்குனியில் கான்ட்ராக்ட் முடிந்தது. இருவரும் ஊருக்குப் போனார்கள். நான் பள்ளியில் சேர்ந்தேன். அண்ணன் கொஞ்ச காலம் பேசாமல் இருந்தான். இருக்கட்டும் என்று நானும் கூப்பிடவில்லை. சங்கரன்கோயில்காரியின் சித்தப்பா ஒருநாள் தாம்பரத்திலிருந்து ஆட்டோவில் வந்து சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போனார். நான் ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கிக்கொண்டேன். அறை திடீரென்று பெரிதாகிவிட்டது.

பள்ளி மைதானத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் கட்டா போடும்போது நான் ஒரு தடவை கூடத் தவறியதில்லை. அங்கே நேராகத்தான் போவேன். ஒரு சாயங்காலம் அறையில், தனியாக, சும்மா போட்டுப் பார்த்தேன். பின்பக்கம் திரும்பியதும் கால் ஒதுங்கி வளைந்து போனது. குனிந்து பார்த்தேன். தரையில் வட்டமாகத் துருக்கறை மட்டும் இருந்தது. அவர்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுவரோரம் காலைக் குறுக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எழுந்து முதலிலிருந்து போட்டேன். இந்த முறை தெரிந்தேதான் வளைந்து போனேன்.