வீட்டுக்கார அக்கா கேட்ட ஆங்கிலப் பாட்டு

சேக்காட்டில் வாடகைக்கு எடுத்த மாடி வீட்டில் இருந்தபடியே வேலை பார்க்கிறேன். கணினியில் அழிந்துபோனவற்றை மீட்டுத் தருவது என் வேலை. ஒரு மதியம் இங்கிலாந்திலிருந்து ஒரு பெரியவர் என் லேப்டாப்பில் அழைத்தார். அவர் கணினியில் வைத்திருந்த தன் பழைய பாட்டுகளைக் காணவில்லையாம்.

இணையம் வழியே அவர் கணினிக்குள் போய் மீட்டெடுக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்றேன். அதுவரை தன் கதையைச் சொன்னார். இளம் வயதில் நியூ வேவ் என்ற பாப் பாணி இசைக்குழு ஒன்றில் சின்தசைசர் என்னும் மின்னணுக் கீபோர்டு வாசித்துப் பாடியிருக்கிறார். ஒரே ஒரு பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது. பிறகு குழு உடைந்தது, பள்ளிப் பேருந்து ஓட்டப் போனார். இப்போதும் பழைய ரசிகர்கள் கூப்பிட்டால் போய் அந்த ஒரு பாட்டைப் பாடுகிறார்.

அந்தப் பாட்டுதான் முதலில் கிடைத்தது. சரியாக இருக்கிறதா என்று ஸ்பீக்கரில் போட்டேன். துணி காயப்போட மாடிக்கு வந்த வீட்டுக்கார அக்கா என் வாசலில் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா பாட்டு இது? ஒண்ணும் புரியல, ஆனா சோக்கா கீது."

அக்கா சொன்னதைப் பெரியவருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சொன்னார்:

"இந்தப் பாட்டை முதல் தடவையாகக் கேட்பவரைச் சந்தித்து எத்தனையோ வருடமாகிறது. அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள். யாருமே கேட்காத இன்னொரு பாட்டு நீங்கள் மீட்பவற்றில் இருக்கிறது."

தேடி எடுத்துப் போட்டேன். அக்கா ஈரத்துணி வாளியை வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார்.

"முன்ன போட்டத விட இதான் எனக்குப் புடிச்சிகீது. அவராண்ட சொல்லு."

சொன்னேன். அதை அக்காவின் வாயாலேயே கேட்க வேண்டும் என்றார் பெரியவர். அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே லேப்டாப் பக்கம் குனிந்து, தமிழிலேயே இன்னொரு முறை சொன்னார்.