ஒரு மூக்கும் ஒரு கண்ணும்

சிவதாணு அண்ணாச்சி போய்விட்டார் என்று கைவண்டிக்காரர் வந்து சொன்னபோது, நான் கண்ணாடிக் குழாயில் புல்தைலம் ஊற்றிக்கொண்டிருந்தேன். குழாயைச் சிந்தாமல் கீழே வைத்தேன். அந்தக் குழாயே அவர் என் கையில் கொடுத்ததுதான்.

ஆரியசாலைத் தைலக் கடைகளோடு பழகியவர்களுக்கு அவரைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வித்துரா மலைச்சரிவில் எலுமிச்சைப் புல்லை வெட்டி, செம்புப் பானையில் காய்ச்சி வடிக்கும் தைலம் தகரங்களில் எங்கள் கடைக்கு வரும். பிறகு கப்பலேறிச் சீமைக்குப் போய் சோப்பிலும் சென்டிலும் சேரும். தைலம் சுத்தமா, கலப்படமா என்று முகர்ந்து சொல்வது எங்கள் இருவர் வேலை. புறங்கையில் ஒரு சொட்டுத் தேய்த்து முகர்ந்துவிட்டு, துண்டுக்கு அடியில் முதலாளியின் விரலைப் பிடிப்போம். சுத்தமென்றால் நான்கு விரல், கலப்படமென்றால் ஒன்று. ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது.

விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்தபோது என் மூக்குச் செத்திருந்தது. மல்லிகையும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றாகிவிட்டன. சின்னக் குழந்தைகள் உள்ள வீடு. வேறு வேலையும் தெரியாது. பயந்துகொண்டே கடைக்குப் போய், முதல் தகரத்துக்கே நான்கு விரல் பிடித்தேன். அண்ணாச்சி பிடித்தது ஒன்று என்பது எனக்கு அப்போது தெரியாது. முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அண்ணாச்சிக்குப் புரிந்துவிட்டது.

“எனக்குச் சளி பிடிச்சிருக்கு முதலாளி. நாளைக்கு இன்னொருக்கா நோக்குதோம்” என்று தகரத்தை மூடிவிட்டார்.

சாயங்காலம் சேர்ந்து நடக்கும்போது கேட்டார்: “எப்ப இருந்துவே மணம் தெரியல?”

நான் அழுதுவிட்டேன். தேற்றுகிற ஆள் இல்லை அவர். “அழுதா மூக்கு வந்திருமாவே? கண்ணு இருக்குல்லா” என்றார்.

மறுநாள் கையில் ஒரு கண்ணாடிக் குழாயோடு வந்தார். தைலத்தில் ஸ்பிரிட்டைச் சேர்த்தால் சுத்தமானது தெளிந்து நிற்கும், கலப்படம் பால்போல் கலங்கும் என்று மருந்துக்கடையில் கேட்டு வந்திருந்தார். “ரெண்டு மூக்கும் ஒண்ணுபோலத்தான் ஏமாறும் முதலாளி. ஒரு மூக்கும் ஒரு கண்ணும் வச்சுக்கிடுவோம்” என்றார். முதலாளி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவருக்கும் விஷயம் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். எப்படியோ, என் வீட்டில் அடுப்பு எரிந்தது.

ஒருநாள் அண்ணாச்சி முகர்ந்து சுத்தமென்று சொன்ன தைலம் என் குழாயில் கலங்கிவிட்டது. மணமில்லாத ஏதோ எண்ணெயைக் கலந்திருந்தார்கள். சுற்றிலும் வியாபாரிகள். இத்தனை பேர் முன்னால் அவர் பெயர் கெடவேண்டாம் என்று குழாயை மறைக்கப் பார்த்தேன். அவரோ அதைப் பிடுங்கி வெயிலில் தூக்கிக் காட்டி, “கண்ணு ஜெயிச்சாச்சு முதலாளி” என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அப்படி ஒரு மனசு நமக்கெல்லாம் லேசில் வராது.

மணம் எனக்குத் திரும்பவே இல்லை. ஆனால் ஒவ்வொரு தகரத்தையும் முகர்ந்துவிட்டு என் காதோரம் வந்து சொல்லுவார். “மழை விட்ட பொறவு வெட்டின புல்லுவே. நாரங்கா இலைய நகத்தால கிள்ளினாப்ல இருக்கு. கொள்ளாம்.” கொள்ளாம் என்பதற்கு மேல் அவர் எதையும் புகழ்ந்ததில்லை.

காரியம் முடிந்த அன்று அவர் மனைவி, எங்கள் மதினி, அவருடைய தோள்துண்டை எடுத்து வந்தார்.

“தொவச்சு வச்சும் மணம் போகல தம்பி. பாருங்க.”

என் மூக்குச் சமாசாரத்தை அண்ணாச்சி வீட்டில்கூடச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. துண்டை முகத்தில் வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை.

“மழை விட்ட பொறவு வெட்டின புல்லு, மதினி. நாரங்கா இலைய நகத்தால கிள்ளினாப்ல இருக்கு” என்றேன்.

மதினி என்னையே பார்த்தார். “அவுக சொல்லுதது மாதிரியே இருக்கே” என்று, அத்தனை நாளும் அழாதவர், அழுதார்.

துண்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். அண்ணாச்சி எனக்கு விட்டுப்போனது அந்தச் சொற்கள். அவற்றைக் கொண்டுதான் இன்றும் நான் முகர்கிறேன்.