உப்புக்காற்று தின்ற சாவி

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் வீட்டில் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு முன் நானும் ஸ்டெல்லாவும் எழுதிக்கொண்ட மெயில்களெல்லாம் அதில்தான் இருந்தன. யார் கம்ப்யூட்டரைத் திருடினாலும் படிக்க முடியாதபடி அத்தனையையும் என்கிரிப்ட் செய்து, திறக்கும் சாவியை ஒரே ஒரு பென்டிரைவில் போட்டு ஜன்னலோர ஆணியில் மாட்டினேன். சைக்கிளையே அரித்துத் தின்கிற காற்று இது. அந்த நேரம் எனக்கு உறைக்கவில்லை.

ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் சர்வர் சாவி கேட்டது. பென்டிரைவ் துருப்பிடித்துச் செத்துப்போயிருந்தது. இனி ஒரு மெயிலும் திறக்காது. பென்டிரைவை எடுத்துக்கொண்டு போய் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சேங்க. மொத மெயில்ல 'இன்னிக்கு மழை, உப்பு வாரல, உன் நெனப்பாவே இருக்குது'ன்னு எழுதினீங்க. நான் பதில் போடலன்னதும் அதையே திரும்ப அனுப்பினீங்க" என்று சிரித்தாள்.

சர்வர் இப்போதும் புது மெயில்களுக்காக ஓடுகிறது. பழைய மெயில் படிக்க ஆசை வந்தால் மட்டும், ஸ்டெல்லா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.